நாளுக்கு ஒரு விரல்

இனி இந்த வீட்டில் ஒரு விரற்கடை இடம்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று நான் சூளுரைத்தது ஒரு திங்கட்கிழமை காலையில், குளியலறைக்குள், குழாய் திறந்திருந்தபோது. வேறு எங்கே உரக்கப் பேச முடியும்?

நான் நில அளவையர். அடுத்தவர்களின் எல்லைத் தகராற்றைத் தீர்த்துவைப்பது என் பிழைப்பு. என் சொந்த ஆஸ்தி விவரம் வருமாறு: அலமாரியில் ஒரு தட்டு, கட்டிலில் சுவரோரம், கூடத்தில் இருக்கும் ஐந்தடிக் கடல்நீர்த் தொட்டியில் இடது பாதி. வலது பாதி என் மனைவிக்கு. அவள் பல் மருத்துவர். அவள் முன்னால் உட்கார்ந்தால் ஊரே வாயைத் திறக்கும். மூடிக்கொள்பவன் நான் ஒருவன்தான்.

தொட்டியில் நாங்கள் வளர்ப்பது பவளம். பார்வைக்குப் பூ, பிறவியில் பிராணி. என்னுடையது தீப்பந்தப் பவளம். பொன்னிற நுனிகளோடு கொத்தாக அசையும். மூன்று வருடங்களுக்கு முன் கட்டைவிரல் அளவில் வாங்கி, கண்ணுக்குள் வைத்து வளர்த்து, இப்போது காலிஃபிளவர் அளவுக்கு வந்திருக்கிறது. அவளுடையது தோல் பவளம். ஊறப்போட்ட கையுறையைக் குடையாக விரித்தது போலிருக்கும். இந்தக் கருத்தையும் குளியலறையில்தான் வெளியிட்டிருக்கிறேன்.

இரண்டுக்கும் நடுவில், விளக்குக்கு நேர் கீழே ஒரு பாறை. தொட்டியிலேயே உயர்ந்த மனை. இதுவரை புறம்போக்கு. இருவருக்கும் அதன்மேல் ஒரு கண்.

அன்று மாலையே ஓர் ஒப்பந்தம் தயாரித்தேன். எந்தப் பவளம் தானாக வளர்ந்து பாறையை முதலில் தொடுகிறதோ, அதன் உரிமையாளருக்கே பாறை. யாரும் எதையும் நகர்த்தக் கூடாது. நகர்த்தியவர் பாறையை இழப்பார். வரைபடத்துடன் நீட்டினேன். அவள் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். அப்போது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமிதம்.

பவளங்களுக்கு அண்டை வீட்டாரைக் கண்டால் ஆகாது. என் பந்தத்துக்குக் கொட்டும் கைகள் உண்டு. எட்டினால் போதும், பக்கத்துப் பவளத்தைச் சுட்டுவிடும். ஆகவே என் திட்டம் எளிமையானது. கண்ணாடியைத் துடைக்கும் சாக்கில் பந்தத்தை நாளுக்கு ஒரு விரல் பாறைப் பக்கம் நகர்த்துவது. பாறையும் கிடைக்கும், கையுறையும் ஒதுங்கும்.

"என்னங்க, கண்ணாடி துடைக்கத் தோள் வரைக்கும் நனையணுமா?"

"உள்பக்கமும் பாசி இருக்கும்மா."

"சமையலறை ஜன்னல்ல ஏழு வருஷமா அழுக்கு இருக்கு. அதுமேல இந்தப் பாசம் வரலையே?"

"அதுக்குள்ள பவளம் இல்லையே."

"நான் இருக்கேனே."

அன்று ஜன்னலையும் துடைத்தேன்.

பத்தாம் நாள் காலை தொட்டியைப் பார்த்தவனுக்கு உயிரே போய்விட்டது. பந்தம் அணைந்திருந்தது. பொன் நுனிகள் ஒன்றுகூட வெளியே இல்லை. கைகளெல்லாம் உள்ளே சுருண்டு, வெள்ளை எலும்பு விளிம்பு தெரிந்தது. உப்பைச் சோதித்தேன். சரி. சூட்டைச் சோதித்தேன். சரி. அந்தப் பக்கம் கையுறை மட்டும் கல்யாணக் களையோடு விரிந்து கிடந்தது.

பவளம் விற்கும் கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்து ஏறக்குறைய அழுதேன். அரை மணியில் கையில் ஒரு தெர்மகோல் பெட்டியுடன் வந்து நின்றார்.

"சார், இது தண்ணி வழியா நடக்கிற சண்டை."

"ரெண்டும் தொட்டுக்கவே இல்லையே!"

"உங்களோடது கையால அடிக்கிற ஜாதி. டாக்டரம்மாவோடது இருந்த இடத்துல இருந்தே விஷத்தைக் கசியவிடும். ஃபில்டர்ல கரிப் பை இருந்தா அதை உறிஞ்சிக்கும். இருக்கா?"

இல்லை. நான் மனைவியைப் பார்த்தேன்.

"பழசாயிடுச்சுன்னு ஒப்பந்தத்துக்கு முந்தின வாரம் எடுத்துப் போட்டேன். புதுசு மேசை டிராயர்ல இருக்கு" என்றாள்.

"அதை ஏம்மா உள்ள வைக்கலை?"

"யாரும் எதையும் நகர்த்தக் கூடாதுன்னு எழுதியிருந்தீங்களே. எனக்குப் பயமாயிடுச்சு."

கடைக்காரர் குனிந்து பந்தத்தை உற்றுப் பார்த்தார். "கரி இல்லாட்டியும் இவ்வளவு ஆகாது, சார். யாராவது கிட்டப் போய்ச் சீண்டினாத்தான் அம்மாவோடது இப்படிப் பொங்கும். இது இருந்த இடத்துலயேதான் இருக்கா? உண்மையைச் சொல்லுங்க. பழைய தூரத்துக்குக் கொண்டுபோனா பிழைச்சிடும். இல்லேன்னா சாயங்காலம் தாங்காது."

சொன்னால் பாறை போகும். சொல்லாவிட்டால் பந்தம் போகும். மூன்று வருடம்! மனைவியின் முகத்தைப் பார்த்தேன். துளையிடும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, நோயாளி தானாக வாய் திறக்கட்டும் என்று காத்திருக்கும் முகம்.

"தினம்... ஒரு விரல்" என்றேன்.

"எத்தனை நாளா?"

"ஒன்பது."

"அப்போ ஒன்பது விரல்."

"ஞாயித்துக்கிழமை மட்டும் மூணு."

"லீவு நாள்ல கூடவா ஓவர்டைம் பார்த்தீங்க!"

பந்தம் இடது கோடிக்குக் குடிபெயர்ந்தது. கரிப் பை ஃபில்டருக்குள் இறங்கியது. கடைக்காரருக்குக் காபி கொடுத்து முடிப்பதற்குள் ஒரு பொன் நுனி, ஒன்றே ஒன்று, தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தது. பாறை போனால் போகட்டும், பிள்ளை பிழைத்ததே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கடைக்காரர் தெர்மகோல் பெட்டியைத் திறந்தார். தண்ணீர் நிறைந்த பைக்குள், விரல் விரலாகக் கிளைவிட்ட ஒரு புதுப் பவளம்.

"டாக்டரம்மா, நடுப்பாறையிலயே ஒட்டிடட்டுமா? இது உங்க தோல் பவளத்துக்குத் தங்கச்சி முறை. ரெண்டும் அடிச்சுக்காது."

"உச்சியில, விளக்குக்கு நேரா வைங்க" என்றாள் அவள்.

எனக்கு ஒரே ஆச்சரியம். "நான் ஒத்துக்கிட்டே பத்து நிமிஷம்தான் ஆச்சு. அதுக்குள்ள எப்படிய்யா கொண்டாந்தீங்க?"

"என்ன சார் நீங்க, அம்மா சொல்லிவச்சுப் பத்து நாளாச்சே!"

பத்து நாளைக்கு முன்னால் நான் ஒரு விரல்கூட நகர்த்தியிருக்கவில்லை.