நாற்பத்திரண்டு நிமிட வக்கீல்

செப்டம்பர் 5, வியாழன்: வீட்டு வேலைக்குச் சம்பளம். கைதட்டல் 3, கண்ணீர் 1.
செப்டம்பர் 12, வியாழன்: பெற்றோரை விரட்டும் பிள்ளைகள். கைதட்டல் 5, கண்ணீர் 4.
செப்டம்பர் 19, வியாழன்: தனியாக வாழும் பெண்ணுக்கு வாடகை வீடு மறுப்பு. கைதட்டல் 6, கண்ணீர் 2.
செப்டம்பர் 26, வியாழன்: மின்வெட்டு. கைதட்டல் 0, கண்ணீர் 0.

மேலே கண்டது ஓர் உயிரினத்தின் நடமாட்டக் குறிப்பு. இனத்தின் பெயர் சாய்வு நாற்காலி வக்கீல். இதற்குக் கறுப்புக் கோட்டு கிடையாது, கட்சிக்காரர் கிடையாது. சட்ட சம்பந்தமாக வீட்டில் இருக்கும் ஒரே காகிதம் குளிர்சாதனப் பெட்டியோடு வந்த உத்தரவாத அட்டை. ஆனால் வியாழன் மாலை எட்டு மணி அடித்துவிட்டால் உலகத்தில் இதைவிடப் பெரிய நியாயஸ்தர் இல்லை.

நாம் பார்க்கப்போகிறவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவருக்கு வீட்டில் பெயர் 'யுவர் ஆனர்'. வைத்தவள் மைத்துனி, மனைவியின் தங்கை, துணிக்கடையில் விற்பனைப் பெண், அதே வீட்டு மாடி அறையில் இருப்பவள்.

யுவர் ஆனர் பார்க்கும் தொடர் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதில் ஒரு வக்கீலம்மா. முதல் பத்து நிமிடம் கோப்பின்மேல் காபியைக் கொட்டுவார், நீதிபதிக்கு விக்கல் வரும், உதவியாளர் தப்பான அறைக்குள் போய் வாதாடிவிட்டு வருவார். பிறகு அந்த வாரத்துச் சமூகப் பிரச்சினை உள்ளே நுழைந்து அழும். எதிர்த்தரப்பு தோள் குலுக்கிச் சிரிக்கும். சோப்பு விளம்பரம் வரும். முப்பத்தெட்டாவது நிமிடத்தில் வக்கீலம்மா கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை மெதுவாக எடுப்பார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றுவார். தீர்ப்பு, படிக்கட்டில் ஒரு பேச்சு, கேன்டீனில் ஆட்டம். நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் அந்த அநீதி உலகத்தை விட்டே போய்விடும். போன வாரம் அழுதவர் என்ன ஆனார்? அதை யார் கேட்டார்கள்? இந்த வாரம்தான் வேறொருவர் அழுகிறாரே.

தொடரால் பலன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. செப்டம்பர் 5-க்குப் பிறகு யுவர் ஆனர் தம் காபிக் கோப்பையைத் தாமே கழுவினார். 12-ஆம் தேதி வேறு பிரச்சினை வந்துவிட்டதால் கோப்பை மறுபடி மனைவியிடம் போய்ச் சேர்ந்தது.

அக்டோபர் 1 அன்று மைத்துனிக்கு வேலை போயிற்று. இருபத்தொரு வருடம் கவுன்டருக்குப் பின்னால் நின்றவள், அன்று முட்டி பிசகி, காலி அட்டைப்பெட்டிமேல் நான்கு நிமிடம் உட்கார்ந்தாள். கேமராவில் பதிவாகிவிட்டது. தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். கேட்டது இரண்டே: பழைய வேலை, ஒரு ஸ்டூல். கையில் ஆதாரமும் வைத்திருந்தாள். கடையின் சரக்கறைச் சுவரில் ஒட்டியிருந்த தாள்: 'வேலை நேரத்தில் உட்காருபவர்கள் நீக்கப்படுவார்கள்.' கீழே மேலாளர் கையெழுத்து. வெளியேறும்போது நகத்தால் சுரண்டி, கிழியாமல் எடுத்து வந்திருந்தாள்.

யுவர் ஆனர் தாமும் கூட வருவதாகச் சொல்லி, தாளை வாங்கி உள்பையில் வைத்துக்கொண்டார். இரண்டு வாரம் கடை நிலைக்கண்ணாடி முன்னால் அதை எடுத்து எடுத்துப் பழகினார். புதுக் கண்ணாடி போட்டுப் பார்க்க வந்தவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள்.

அக்டோபர் 15, விசாரணை. ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஓர் அதிகாரி அம்மா, அவருக்கு முன்னால் மதியத்துக்குள் முடிக்கவேண்டிய பதின்மூன்று கோப்புகள். மேலாளர் பணிவாகச் சொன்னார்: "உட்காரக்கூடாதுன்னு எங்க கடையில விதியே இல்லீங்க மேடம். லேட்டா வந்ததுக்காகத்தான் எடுத்தோம்."

அதிகாரி நிமிர்ந்தார். "உங்க பக்கம் காகிதம் ஏதாவது இருக்கா?"

யுவர் ஆனர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டார். இது எத்தனையாவது நிமிடம்? மூன்றாவது. முப்பத்தெட்டுக்கு இன்னும் எவ்வளவோ இருக்கிறது. மர்மமாக ஒரு புன்னகை செய்தார்.

"இப்போதைக்கு இல்லீங்க."

மைத்துனி அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். அவர் குனிந்து, "இரு, அவன் இன்னும் நல்லா மாட்டட்டும்" என்றார்.

அதிகாரி ஒரு வரி எழுதினார். கோப்பை மூடினார். மணியை அழுத்தினார். யுவர் ஆனர் குறுக்கு விசாரணைக்காக மேலாளர் பக்கம் கம்பீரமாகத் திரும்பிய நேரத்தில் அந்த நாற்காலியில் அடுத்த வழக்குக்காரர், சமையல்காரர் ஒருவர், உட்கார்ந்திருந்தார்.

படிக்கட்டில் மைத்துனி கேட்டாள்: "ஏன் அத்தான் கொடுக்கல?"

"முதல்லயே கொடுத்துட்டா அதுல என்ன இருக்கு? பாக்கறவங்களுக்கு ஒரு இது வேணாமா?"

"அங்க பாக்கறதுக்கு யாரு இருந்தாங்க?"

அக்டோபர் 23 அன்று கடிதம் வந்தது. ஆதாரம் இல்லாததால் மனு தள்ளுபடி. ஆதாரம் இருந்தால் முப்பது நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். யுவர் ஆனர் முகத்தில் கவலை தெரிந்ததா? அதுதான் இல்லை. இரண்டாம் பாகம் கிடைத்த பூரிப்பு. இந்தமுறை எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தவேண்டும் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தபோதே மனைவி ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து, உள்பைக்குள் கைவிட்டு, தாளைத் தங்கையிடம் கொடுத்தாள்.

"நீயே போயிட்டு வாடி. இவர் வந்தா விளம்பர இடைவேளை விடுவார்."

மைத்துனி மறுநாள் நொண்டியபடியே போனாள். ஒரு நகல் எடுத்தாள், ஒரு பக்கம் எழுதினாள், அலுவலக ஜன்னலில் கொடுத்தாள், முத்திரை வாங்கினாள். மொத்தம் பதினோரு நிமிடம். படிக்கட்டில் யாரும் பேச்சு நிகழ்த்தவில்லை. யாரும் கண்ணாடியைக் கழற்றவில்லை.

அதற்கடுத்த மூன்றாம் வியாழன், தொடரில் புதுப் பிரச்சினை: உட்கார இடமில்லாத கடைப் பெண். கைதட்டல் 9, கண்ணீர் 7. இதுவரை காணாத எண்ணிக்கை. யுவர் ஆனர் சாய்வு நாற்காலியில் சாய்ந்தபடி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்து, "பாவம் இந்தப் பொண்ணுங்க. யாராவது ஏதாவது செய்யணும்" என்றார்.

மைத்துனி அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் அன்றைய தபாலில் வந்த உத்தரவு: திங்கள் முதல் மீண்டும் வேலை, கவுன்டருக்கு ஒரு ஸ்டூல். மாடியில் இரண்டு தரம் படித்துவிட்டு, என்ன இருந்தாலும் அத்தானிடம் சொல்லவேண்டும் என்று இறங்கி வந்திருந்தாள்.

"ஏங்க, கொஞ்சம் திரும்பிப் பாருங்க" என்றாள் மனைவி.

அவர் திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தினார்.

"ஷ். தீர்ப்பு வருது."

சிரித்தீர்களா? நல்லது. எதில் உட்கார்ந்து சிரித்தீர்கள்? மைத்துனிக்காக ஒரு 'அடப்பாவமே' சொல்லியிருந்தால், கைதட்டக்கூடக் கை எழுந்திருந்தால், கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன். அதற்கு முன் ஒருதரம் திரும்பி, உங்கள் நாற்காலிக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

மைத்துனிக்கு உத்தரவு வந்த தேதி: நவம்பர் 14, வியாழன்.