மேடையின் தெற்கு முனை குறித்து மாமாவுக்கு

அடி அண்ணாமலை,
பௌர்ணமிக்கு மறுநாள்.

கீழ்பென்னாத்தூரில் கல் வியாபாரம் செய்து, சொன்ன சொல்லையும் கல்லாகவே வைத்திருக்கும் மாமா தசரதன் அவர்களுக்கு, மருமகன் ஆதவன் வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே நான், உங்கள் மகள் கவியா, என் அம்மா, சமையல் மேடை, நால்வரும் நலம். அங்கே நீங்கள், அத்தை, கறவை மாடு, கடை வாசலில் சாய்ந்து நிற்கும் கற்கள் அனைவரும் நலமா?

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் கல் அறுக்கும் மிஷின் ஓடும்போது நான் எதைச் சொன்னாலும் நீங்கள் "ஆங், ஆங்" என்பீர்கள். அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் கடிதம்.

விஷயம் ஒன்றுதான். எங்கள் வாசல் சுவரில் நீங்கள் சாய்த்துவிட்டுப் போன கிரானைட் கல்லைத் தயவுசெய்து எடுத்துப் போங்கள். அவசரம். நேற்று பௌர்ணமி. எங்கள் வாசல் கிரிவலப் பாதையில் இருப்பது உங்களுக்குத் தெரியும். இன்று காலையில் கதவைத் திறந்தேன். கல்லுக்குத் திருநீறு. குங்குமம். ஒரு முழம் சாமந்தி. அடியில் கற்பூரம் எரிந்த கருப்பு. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செருப்பைக் கழற்றிய ஒரு அம்மா, "இது இன்னா சாமி தம்பி?" என்றார். சமையல் மேடைக்கு வந்த கல் என்றேன். அவர் அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொரு பௌர்ணமி அது அங்கே நின்றால் நம் இருவர் கையிலும் இருக்காது.

அந்தக் கல் ஏன் வந்தது என்பது நீங்கள் அறிந்ததே. ஆனாலும் முழுவதும் எழுத வேண்டும் போலிருக்கிறது. வெற்றி பெற்றவனுக்கு இந்த ஆசை உண்டு.

புது வீட்டுக்கு மேடைக் கல் உங்கள் சீர் என்றீர்கள். கவியா உங்கள் முகத்துக்கு நேராகவே மறுத்தாள். "பொறந்ததுல இருந்து கல்லு சத்தம், கல்லுத் தூசிப்பா. என் அடுப்படியிலயாவது வேற ஏதாச்சும் இருக்கட்டும்." மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, மேலே மைக்கா ஒட்டியது, தேக்கு நிறம். அதுதான் வேண்டும் என்றாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் அவள் பக்கம் நின்றேன். அன்று சாப்பாட்டில் நீங்கள் மோர் ஊற்றிக்கொள்ளவில்லை.

பிறகு சொன்னீர்கள். "வெள்ளிக்கிழம பால் பொங்கட்டும் மாப்ள. ஒரு சொட்டு உள்ள போனாப் போதும், அந்தப் பலக பூரி மாதிரி உப்பிக்கும். உப்புச்சுன்னா சாயங்காலமே கல்லு ஏறும். உப்பலைன்னா கல்ல நானே எடுத்துட்டுப் போயிடறேன்."

தச்சர் மூர்த்தி மேடையைக் கால்களோடு கொண்டுவந்து நிறுத்தினார். முன்விளிம்பு கம்பெனியிலேயே மடித்து ஒட்டியிருந்தது. இரண்டு முனைகள் மட்டும் திறந்திருந்தன. மேலிருந்து பார்த்தால் தேக்கு. பக்கவாட்டில் பார்த்தால் உடைத்த கடலை மிட்டாய். "முனையெல்லாம் நாளைக்கு சார்" என்று, அவற்றை மூட ஒரு சுருள் ஓரப்பட்டையைக் கொடுத்துவிட்டுப் போனவர், இன்றுவரை அந்த நாளைக்கு வரவில்லை. நானே வேலைக்கு உட்கார்ந்தேன்.

முதல் நாள். பட்டையின் பின்பக்கம் பசை இருக்கும். முனையில் வைத்து, மேலே செய்தித்தாள் போட்டு, இஸ்திரி பெட்டியால் தேய்த்தால் பிடித்துக்கொள்ளும். செய்தித்தாளை மறந்தேன். பட்டை பலகையில் ஒட்டவில்லை. தேக்கு நிறத்தோடு பெட்டியில் ஒட்டியது. சுரண்டினேன். சுரண்டிவிட்டதாக நினைத்தேன். மறுநாள் அதே பெட்டியால் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு கல்லூரிக்குப் போய், கரும்பலகையில் எழுதத் திரும்பியபோது பின்னாலிருந்து ஒரு குரல். "சார், உங்க முதுவுல கதவு இருக்குது சார்."

இரண்டாம் நாள், இடது முனை. ஒட்டினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். விரலை ஓட்டினால் பலகை எங்கே முடிகிறது, பட்டை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நான் முடித்த முதல் பொருள். என் ஆய்வேடுகூட இன்னும் முனை திறந்துதான் கிடக்கிறது.

மூன்றாம் நாள் அம்மா வந்தார். "இன்னாடா இது? அந்தப் பொண்ணு வடக்கப் பாத்து நின்னா சமைக்கும்? கெழக்கால திருப்பு." நானும் கவியாவும் தூக்கிக் கிழக்குச் சுவரில் வைத்தோம். கல்லாக இருந்தால் இது முடிந்திருக்காது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆனால் என் அழகான முனை வடக்கு மூலையில் சுவரோடு முகம் புதைத்துக்கொண்டது. இதுவரை மூலையில் ஒளிந்திருந்த கடலை மிட்டாய் தெற்கே வெளிவந்து சிரித்தது.

மீதிப் பட்டை எங்கே என்றேன். அம்மா சொன்னார், "அதுவா? தக்காளிச் செடி சாஞ்சினு இருந்துச்சு. இழுத்துக் கட்டிட்டேன்." அவிழ்த்தபோது உடைந்தது. இரண்டு துண்டுகளாக ஒட்டினேன். கீழ் மூலையில் ஒரு ஒட்டு. மயிரிழைதான். ஆனால் நான் எழுந்தாலும் உட்கார்ந்தாலும் அது என்னையே பார்த்தது.

வியாழன் மதியம் நீங்கள் வந்தீர்கள். கல்லும் வந்தது. இறக்க நான்கு ஆட்கள். மாலையில் பூவும் வாழையிலையும் வாங்க நாங்கள் மூவரும் டவுனுக்குக் கிளம்பினோம். முட்டி வலி என்று நீங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டீர்கள். திரும்பி வந்தால் அடுப்படி முழுக்கப் புளித்த வாடை. அம்மா முகம் வாடியது. "மாவு பொங்கிப் புளிச்சிருச்சா அண்ணா?" நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ஆமாம்மா, ஜாஸ்தியாத்தான் புளிச்சிருக்கு" என்றீர்கள். ஒரு குண்டான் மாவு முழுவதையும் அம்மா கொட்டினார். மறுநாள் விருந்தாளிகளுக்கு உப்புமா. அவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை. அடுப்புக்குக் கீழே ஒரு பெரிய தட்டு வைக்கலாமா என்று நான் கேட்டதற்கு, "பொங்கி வழியறத தட்டு வெச்சுப் புடிப்பாங்களாடா?" என்று அம்மா அதட்ட, சரி, பாலையாவது கம்மியாக ஊற்றலாம் என்றால் நீங்கள் ஊரிலிருந்து மாட்டுப்பால் மூன்று லிட்டர் கொண்டுவந்து அத்தனையும் அந்தப் புதுப்பானையில் ஊற்ற, கவியா அடுப்பைப் பற்றவைக்க, எல்லோரும் பானையைப் பார்க்க, நான் முனையைப் பார்க்க, நீங்களும் முனையைப் பார்க்க, பால் எழுந்து, நுரைத்து, விளிம்பில் ஒரு கணம் யோசித்து, கிழக்கே பொங்கியது. குலவை. கைதட்டல். பிறகு அந்தப் பால், மேடை அரை விரற்கடை சரிவாக நின்றதால், அவசரமே இல்லாமல் தெற்கே திரும்பி நடந்தது.

"தெக்கால போவுதே" என்றார் யாரோ. அம்மா விடவில்லை. "கெழக்கால பொங்குச்சு இல்ல? அப்புறம் அது எங்க போனா நமக்கின்னா?"

முனையைத் தாண்டியது. பட்டை மேல் வழிந்தது. ஒட்டின் மேல் ஒரு சொட்டு நின்றது. விழுந்தது. இன்னொன்று.

எல்லோரும் உப்புமா சாப்பிடும்வரை நீங்கள் அங்கேயே நின்றீர்கள். பிறகு குனிந்து, கட்டை விரலால் முனையை மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினீர்கள். "நிக்குது மாப்ள" என்றீர்கள். அவ்வளவுதான். கவியா முதல் டம்ளர் பாலை உங்களிடம் கொடுத்தாள். வாங்கும்போது உங்கள் முகத்தில் தோற்றவரின் கவலையே இல்லை. அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டேன்.

பதினோரு நாள் ஆகிறது. தினமும் காலையில் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். உப்பவில்லை. என் கைவேலை. எழுதும்போதே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் என் கைவேலை. ஆகவே வாக்குப்படி கல்லை எடுத்துப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன். வரும்போது அந்தச் சாமந்தியை நீங்களே கழற்றுங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

அத்தைக்கு என் வணக்கம். மாட்டுக்குத் தனியாக என் நன்றி. உங்கள் முட்டிவலி சீக்கிரம் குணமாகட்டும்.

என்றும் உங்கள் அன்பு மருமகன்,
ஆதவன்

பின்குறிப்பு: உறையில் போடும் முன் கவியா இதைப் படித்தாள். "என் கைவேலை" என்ற இடத்தில் சிரிக்க ஆரம்பித்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னைத் தெற்கு முனைக்கு அடியில் மல்லாக்கப் படுக்கச் சொல்லி டார்ச் அடித்தாள். மேலிருந்து மட்டுமே பார்த்துவந்தவன் நான். ஒட்டின் மேலும் அடிவிளிம்பு நெடுகவும் கண்ணாடி மாதிரி ஒரு கோடு. சிலிக்கான் பசை, காயும்வரை புளிப்பு வாடை வீசுமே, அது. நூல் பிடித்தது போல ஒரே சீர். முப்பது வருடம் கல்லுக்கும் சுவருக்கும் இடையே இதைப் பூசிய கையால் மட்டும் முடிகிற கோடு. அது முடிகிற இடத்தில் ஒரு கட்டை விரல் ரேகை. சிலிண்டருக்குப் பின்னால் பசைக்குழாயின் மூடி.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றேன்.

"வியாழக்கிழமையே. அது மாவு வாடையா? எங்கப்பா சட்ட வாடை."

"அப்பவே சொல்லக்கூடாதா?"

"ரெண்டு பேருமே ஜெயிச்சிட்டு நின்னீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு உட்டுட்டேன்."

ஆகவே மாமா, மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர மீதி எதையும் படிக்க வேண்டாம். அம்மாவிடம் மாவு விஷயத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். கல்லை எடுக்க வேண்டாம். கவியாவே கேட்கிறாள், அடுப்படிக்கு இல்லை. வாசலில் படுக்க வைத்துப் பெஞ்சாக்கிவிடலாம். பௌர்ணமிக்கு நடந்து வருகிறவர்கள் கும்பிடுவதற்குப் பதில் உட்காரட்டும். ஆட்களை மட்டும் அனுப்புங்கள்.

அதன் இரண்டு முனைகளும் கரடுமுரடாக இருக்கின்றன. நீங்கள் தொட வேண்டாம். உப்புத்தாள் மீதி இருக்கிறது. நான் பார்த்துக்கொள்கிறேன்.