போடிமலையில் ஆப்பிரிக்கா

கென்யாவிலிருந்து மலைச்சாமி அனுப்பிய படத்தில் ஏலச்செடியும் பதிவாகியிருந்தது.

சம்பந்தி திருப்பதி உடனே போன் போட்டார். "சம்பந்தி, பின்னால நிக்கிறது நம்ம ஊரு ஏலச்செடி மாதிரியில்ல இருக்கு?"

"இங்கயும் வெளையுது சம்பந்தி."

"அப்படியா? வரும்போது ஒரு கிலோ கொண்டாங்க. நாலு யாவாரிகளுக்குக் காட்டணும்."

மலைச்சாமி போனை வைத்துவிட்டு மனைவி சுப்புத்தாயை முறைத்தார். அவர்கள் இருந்தது கென்யாவில் இல்லை, போடிமலைச் சரிவில் ஒரு புல்மேட்டில். ஜீப் டிரைவர் மொக்கையன் கேட்காமலே அங்கே கொண்டுவந்து இறக்கி, கூடாரத்தையும் அடித்துக் கொடுத்திருந்தான். அதன் வாசலில் சுப்புத்தாய் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"பாஸ்போர்ட்டு கெடு முடிஞ்சிருச்சுன்னு உள்ளதச் சொன்னா என்ன?"

"ஆப்பிரிக்கா பயணம்னு பஸ் ஸ்டாண்டுல வச்ச பிளெக்ஸ்ல நம்ம குடும்பமே சிங்கத்துக்குப் பக்கத்துல நிக்குது. என்னன்னு சொல்ல?"

பொய் சொல்வது அந்தக் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆனால் மகள் அருணா வாழ்க்கைப்பட்டது திருப்பதி வீட்டில். போன வருடம் ஆப்பிரிக்கா போன திருப்பதி, கூடாரத்துக்குப் பின்னால் படுத்திருந்த சிங்கத்தின் வால் மட்டும் ஆடியதை வீடியோவில் காட்டினார். அன்றிலிருந்து பிறந்த வீட்டைக் குத்திக்காட்டும் பேச்சில் அந்த வீட்டில் அருணாவால் தலைநிமிர முடியவில்லை.

செடியை மறைக்க, மகன் பிரபு வேறு பக்கம் நின்று இன்னொரு படம் அனுப்பினான். அதில் ஜீப் சிக்கியது. கண்ணாடியில் பெரிதாக 'முருகன் துணை'.

"டிரைவரு தமிழாளு," என்றார் மலைச்சாமி, மறுபடியும் வந்த போனில்.

"நல்லதாப் போச்சு. போனை அவருகிட்டக் குடுங்க, பேசுவோம்."

"அவரு... யானை பாக்கப் போயிருக்காரு."

"யானையா? அப்ப வெரசா வீடியோவுல வாங்க. வீடே கூடியிருக்கு. அருணாவும் பக்கத்துலதான் நிக்கிறா. யானை இல்லாட்டியும் கூடாரத்துக்குப் பின்னால காட்டுங்க. சிங்கம் அங்கதான் படுக்கும்."

மலைச்சாமி போனை வைத்தார். யாருக்கும் தாழாத மீசை முதல்முறையாகத் தொங்கியது.

"மானம் போச்சு மொக்கையா. வண்டிய எடு, இறங்கிருவோம்."

மொக்கையன் பீடியை அணைத்தான். அவசரமே இல்லாமல் ஜீப்பின் லோடு கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் பின்னால் நடந்தான்.

"பதறாதீகண்ணே. போன வருசம் உங்க சம்பந்தி இங்க ஆப்பிரிக்கா வந்தப்பவும் வால ஆட்டுனது நான்தான்."