ஸ்பீக்கர் அக்காவும் என் வயிறும்

அப்போதெல்லாம் காலை ஆறு மணி. அந்த நேரத்தில் மலேசியாவின் கூலிம் ஊரில் சேவல்கள்கூட எங்கள் ஸ்பீக்கர் அக்காவுக்குப் பயந்துதான் கூவும். எஸ்டேட் தொழிலாளர் லயங்களில் சைக்கிளில் வடை விற்று முற்றிய குரல். கெடா மாநிலத்திலேயே மெதுவாகப் பேசத் தெரியாத ஒரே மனுஷி. கோயிலில் அவர் வேண்டிக்கொண்டால், வாசலில் செருப்புக் காப்பவருக்கும் அவர் குடும்பக் கவலை தெரிந்துவிடும்.

எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த எனக்கு எய்ட்ஸ் என்று தெரிந்தபோது, அந்த நோய்க்கு மருந்தைவிட வதந்திதான் அதிகம். டாக்டர் கிசுகிசுத்தார். நர்ஸ் கிசுகிசுத்தார். தெருவும் கிசுகிசுத்தது. பக்கத்து வீட்டு மெக்கானிக் மணி, கஞ்சித் தூக்கை என் கேட்டில் மாட்டிவிட்டு ஓடிய வேகத்துக்குத் தங்க மெடலே கொடுக்கலாம். தனிக்கட்டை நான், எடை நாற்பத்தொரு கிலோ.

ஒருநாள் வீட்டுக்காரர் வந்தார். "கிராணி, வேற வீடு பாத்துக்குங்களேன்" என்றார், காதோடு காதாக. எனக்குப் போக்கிடம் கிடையாது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எதிர்வீட்டிலிருந்து ஸ்பீக்கர் அக்கா இறங்கி வந்தார்.

"என்னலா, அவன வெளிய போவச் சொல்றீங்க? எய்ட்ஸு வந்தவன் குடுத்த வாடகைய போன வாரம் எச்சி தொட்டு எண்ணினீங்களே, அப்ப ஒட்டலையா?"

பதினெட்டு வீடு. பதினெட்டிலும் ஜன்னல் திறந்தது.

"அக்கா, மெதுவா..." என்றேன்.

"எதுக்குடா மெதுவா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே! தெரியாதவங்க கையத் தூக்குங்க!"

ஒரு கையும் எழவில்லை. வீட்டுக்காரர் காரில் ஏறிப் போனவர்தான். அடுத்த மாதம் வாடகைக்கு மட்டும் வந்தார்.

அன்றிலிருந்து அக்கா என்னைக் குளிப்பாட்டினார், ஊட்டினார், திட்டினார். தினமும் வியாபாரத்துக்குப் போகுமுன் நடுத்தெருவில் சைக்கிளை நிறுத்தி விசாரணை வேறு.

"தம்பி! இன்னிக்கு வயிறு எத்தன தடவடா போச்சு?"

மானத்தை விட்டு ஜன்னல் வழியே கத்தினேன்: "நாலுக்கா!"

மணியின் பட்டறையிலிருந்து பதில் வந்தது: "நேத்து ஆறுலா! இன்னிக்கு பாகுஸ், நல்லா கொறஞ்சிருக்கு!"

கேட்டில் மாட்டிவிட்டு ஓடிய அதே மணி! அன்று மாலை கஞ்சியோடு உள்ளே வந்து என் கட்டிலிலேயே உட்கார்ந்தான். அதற்குப் பிறகு என் வயிற்றுக் கணக்கில் நான் தவறினால் தெருவே திருத்தியது.

மூன்று முறை சாகக் கிடந்தேன். அக்கா போட்ட சத்தத்தில் தூங்கவே முடியவில்லை, சாவது எங்கே? பிறகு புது மாத்திரைகள் வந்தன. இன்று எனக்கு அறுபத்தொன்பது வயது, எழுபது கிலோ.

அக்காவுக்கு எண்பத்திரண்டு. காது போய்விட்டது. காலை ஆறு மணிக்கு அவர் வாசலில் நின்று இப்போது நான் கத்துகிறேன்: "அக்கா! மருந்து சாப்ட்டீங்களா? வயிறு போச்சா?" நைட் ஷிப்ட் முடிந்து தூங்க வரும் பேக்டரிப் பிள்ளைகள் முறையிட்டதால் அக்காவுக்குக் காது மிஷின் வாங்கிக் கொடுத்தேன். ஒருநாள் மாட்டினார். மறுநாள் அது டப்பாவுக்குள், சாமி படத்துக்குப் பின்னால்.

"அது வேணாண்டா தம்பி. நீ கத்தறாப்ல இல்ல."

மிஷின் விலை இரண்டாயிரத்து நானூறு மலேசிய வெள்ளி.