கம்பியும் என் மௌனமும்

சென்னை,
ஆவணி 1987

செங்கோட்டுமலை அம்மையப்பன் தங்கள் இல்லத்தையும் ஆழ்குழாய்க் கிணறு போடும் லாரியையும் காப்பாராக. மைத்துனர் சென்னியப்பன் அவர்களுக்குச் சின்னுசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

நேற்று தாங்கள் டிரங்கால் போட்டு, "ஏனுங்க மாப்ள, தங்கச்சி எப்படியிருக்குது?" என்று கேட்டபோது, நான் மூச்சை மட்டும் விட்டுவிட்டு ரிசீவரைக் கீழே வைத்ததை விபரீதமாகக் கருத வேண்டாம். சௌந்திரம் நலம். பூட்டப்பட்டிருப்பது என் வாய்தான்.

அவளுடைய இடப்பக்க மார்பில் இருந்தது கைக்குத் தட்டுப்படாத கட்டி. எக்ஸ்ரே படத்தில் மட்டும் திருநீறு சிந்தினாற்போல வெண்புள்ளிகள் தெரிந்தன. தாங்கள் ஊற்றுப் பார்த்து முளைக்குச்சி அடிப்பதைப்போல, மருத்துவர் படத்தைப் பார்த்துப் பார்த்து, மெல்லிய கம்பியொன்றை ஊசி வழியே உள்ளே செலுத்தினார். நுனியிலுள்ள கொக்கி புள்ளிகளருகே பற்றிக்கொள்ளும். மறுமுனை வெளியே பிளாஸ்திரிக்கு அடியில் இருக்கும். அறுப்பவர் கம்பி வழியே போனால் இடம் தப்பாது. கம்பி பிசகினால் வழியே இல்லை.

அவள் நலமாக வெளிவரும்வரை பேசுவதில்லை என்று சங்கல்பம் செய்து, நான் கண்மூடி அமர்ந்தேன். அப்போது நர்ஸ் வந்து, "உடம்புல ஒரு பொட்டு நகை, உலோகம் இருக்கக் கூடாதும்மா" என்று சொல்லிப் போனாள். துணைக்கு வந்திருந்த என் தமக்கை ஆத்தாயி அதை அருள்வாக்காக ஏற்று, சௌந்திரத்தின் தாலிக்கொடியைக் கழற்றி மஞ்சள் கயிறு கட்டி, மூக்குத்தியைத் திருகி, மெட்டியைச் சோப்புப் போட்டு உருவி, கடைசியில் பிளாஸ்திரியையும் பிரிக்கலானாள்.

"ஏனுங்க நங்கை, அது டாக்டரு வெச்சதுங்க!" என்றாள் சௌந்திரம் தன் நாத்தனாரிடம்.

"ஆரு வெச்சா என்ன? இதும் இரும்புதானே? அப்புறம் உள்ள உடமாட்டாங்க. சித்தெ பல்லக் கடிச்சுக்க சாமி, முள்ளு எடுக்கறாப்பல எடுத்துப்போடறேன்."

நான் கண் திறந்து, கைகூப்பி, தலையைப் பலமாக ஆட்டினேன்.

"பாரு, தம்பியே எடுக்கச் சொல்றான்" என்று அவள் கம்பியைப் பற்றினாள்.

மௌனத்தைச் சிவநாமம் சொல்லிக் கலைப்பதே முறை. என் வாயில் வந்ததோ, "அடி நாசமாப் போறவளே, உடுடி கைய!" என்பது.

கம்பி அசையவில்லை. அதன் வழியே சென்று, புள்ளிகள் இருந்த சதையை எடுத்து, எடுத்ததையும் படம்பிடித்துச் சரிபார்த்த பின்னரே தைத்தார்கள். அது கொடியதா அல்லவா என்பது இன்று மாலை தெரியும். சங்கல்பம் தவறிய குற்றத்துக்காக ஒரு மண்டலம் மௌனம் பூண்டிருக்கிறேன். முடிவு எதுவாயினும் வாய் திறவேன். ஆதலால் இனி டிரங்கால் வேண்டாம்.

தங்கள் மக்களுக்கு எங்கள் ஆசிகள்.

இங்ஙனம்,
சின்னுசாமி

பின்குறிப்பு: முடிவு வந்தது. தீங்கில்லாத கட்டியாம். சௌந்திரம் என் முகத்தையே பார்த்து, "நங்கையாளத் திட்டறதுக்குத் தொறந்த வாயி, எனக்கொரு நல்ல வார்த்தைக்குத் தொறக்காதுங்களா?" என்றாள். திறந்துவிட்டேன், இன்னும் மூடவில்லையாம். தயவுசெய்து டிரங்கால் போடுங்கள். அவள் காதுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும்.