கறுப்புத்துணி ஐயாவின் கெட்டுப்போன படங்கள்

இலங்கை மலைநாட்டின் அட்டன் கடைவீதி முழுவதையும் ஒரே சொல்லில் சிலையாக்கி நிறுத்தும் வல்லமை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரே ஒரு மனிதருக்குத்தான் இருந்தது. அவர் போலீசும் அல்ல, துரையும் அல்ல. றொசல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிளாக்கர். பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. எங்களுக்கு அவர் கறுப்புத்துணி ஐயா.

சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரை விட்டுப்போன பழைய கேமரா அவரிடம் இருந்தது. கோழிக்கூடு அளவுக்கு ஒரு பெட்டி, மூன்று மரக்கால்கள், பித்தளைக் குழாயில் பதித்த ஒரு லென்ஸ். அந்த லென்ஸ் தன்னைவிட வயதில் மூத்தது என்று பெருமையாகச் சொல்வார். அமுக்குவதற்குப் பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு நெடுநேரம் பார்ப்பார், வெளியே வந்து கண்ணாடித் தகட்டைச் செருகுவார், "அசையாதீங்க" என்று சொல்லி லென்சின் மூடியைக் கழற்றிவிட்டு, "முருகா... முருகா..." என்று நிதானமாக எண்ணுவார். வெயில் என்றால் மூன்று முருகா போதும். மூட்டம் என்றால் அவர் ஆறுபடை வீடும் சுற்றி வரும்வரை நாம் மூச்சுவிடக் கூடாது.

ஒருமுறை டிக்கோயாவில் கொழுந்தெடுக்கும் பெண்களை இப்படி நிறுத்தினார். செடிமேல் வைத்த கை செடிமேலேயே இருந்தது. வேலை நின்றதைக் கண்ட கங்காணி தடியை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"கங்காணி, அப்படியே நில்லுங்க" என்றார் ஐயா.

ஓங்கிய தடியோடு கங்காணியும் நின்றுவிட்டார். பின்னால் குதிரையில் வந்த துரை, மலையே உறைந்து கிடப்பதைப் பார்த்து, என்னவோ ஏதோ என்று தானும் கடிவாளத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டார். குதிரை மட்டும்தான் கட்டுப்படவில்லை. "படத்துல வாலு கலங்கிருச்சுங்க" என்று ஐயா பல நாள் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார்.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது அட்டன் கடைவீதியில் எங்கள் துணிக்கடையின் நடுவே ஒரு பலகைச் சுவர் இருந்தது. இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர், அந்தப் பக்கம் அவருடைய அண்ணன். பெயர்ப்பலகையில் யார் பெயர் முதலில் என்று தொடங்கிய சண்டை. பேச்சு அறுந்து வருடக்கணக்காகியிருந்தது. மூத்தவரின் மனைவியும் நானும் மட்டும் பின்புறத்தில் தண்ணீர் விழும் பீலியடியில் குடம் நிரம்பி வழிய வழியப் பேசிக்கொள்வோம். நான் அவரை அக்கா என்பேன்.

அந்தச் சமயத்தில் திருச்சிப் பக்கம் ஊருக்குப் போய் வந்த ஒருவரிடம், அங்கேயே இருந்த மாமியார் சொல்லியனுப்பினார்: "கண்ண மூடுறதுக்குள்ள ரெண்டு பேரையும் ஒண்ணா ஒரு படத்துல பாக்கணும்." பிள்ளைகள் பிரிந்த கதை அவருக்குத் தெரியாது. தெரிந்தால் தாங்கமாட்டார் என்ற பயம் மட்டும் இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவாக இருந்தது. அக்காவும் நானும் ஐயாவுக்குச் சொல்லியனுப்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் பெட்டியோடு வந்திறங்கினார். கடைவாசலில் இரண்டு நாற்காலிகள். நடுவில் ஒரு மாட்டுவண்டி தாராளமாகப் போகலாம்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க."

"இதுவே கிட்டதான்" என்றார் மூத்தவர்.

ஐயா வாதாடவில்லை. எடுத்துக்கொண்டு போனார். அடுத்த ஞாயிறு வந்து, "தகட்டுல வெளிச்சம் புகுந்திருச்சுங்க, மறுபடி எடுக்கணும்" என்றார். அதற்கடுத்த ஞாயிறு பனி புகுந்திருந்தது. அதற்கும் அடுத்த ஞாயிறு எறும்பு புகுந்துவிட்டதாகச் சொன்னார். அண்ணனைக் குடை பிடிக்கச் சொல்வார், தம்பியைக் கேமராவின் காலைப் பிடிக்கச் சொல்வார். வெளிச்சம் வரட்டும் என்று பொழுதெல்லாம் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைப்பார். நாற்காலிகள் வாரத்துக்கு வாரம் நெருங்கி வந்தன. யார் நகர்த்தினார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

ஒருநாள் அக்கா ஐயாவிடம் கேட்டுக்கொண்டு கறுப்புத் துணிக்குள் எட்டிப் பார்த்தார். அதற்குள் உருவமெல்லாம் தலைகீழாகத்தான் தெரியும்.

"தங்கச்சி, எங்க வீட்டுக்காரரு தலைகீழாத் தெரியிறாரு. இப்பத்தான் சரியா இருக்காரு" என்றார். மூத்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

பிறகொரு ஞாயிறு நல்ல மூட்டம். என் வீட்டுக்காரரின் தலை நிலையாக நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.

"பெரியவரே, பின்னால கையக் குடுத்துத் தம்பி கழுத்தப் புடிச்சுக்குங்க. படத்துல தெரியாது" என்றார் ஐயா.

மூத்தவர் தயங்கினார். பிறகு கையைக் கொண்டுபோனார். ஐயா மூடியைக் கழற்றி முருகனைக் கூப்பிடத் தொடங்கினார். பாதியில், உதடு அசையாமல் மூத்தவர் பேசினார்.

"காலரு கிழிஞ்சிருக்குடா."

"ம்."

"துணிக்கடை வச்சிருக்க."

"எடுத்துப் போட நீ இல்லையேண்ணே."

தைத்துப் போட நான் இருந்தேன். அது வேறு விஷயம். என் வீட்டுக்காரரின் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் அசையவில்லை. ஐயாவும் மூடியை மூடவில்லை. அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததில் முருகனுக்கே களைப்பு வந்திருக்கும். ஒருவழியாக மூடினார். அதற்குப் பிறகும் மூத்தவர் கையை எடுக்கவில்லை.

அந்தப் படம்தான் கடல் தாண்டிப் போனது. மாமியார் அதைத் தடவித் தடவிப் பார்த்து, "சின்னவன் இளைச்சிட்டான். பெரியவன்தான் பாத்துக்கணும்" என்றாராம். அதைக் கேட்ட வாரமே பலகைச் சுவர் துணி அடுக்கும் தட்டாக மாறியது.

எல்லாம் அடங்கிய பிறகு அக்கா ஐயாவைக் கேட்டேவிட்டார்.

"முன்னாடி எடுத்த படமெல்லாம் நெசமாவே கெட்டுப்போச்சாங்க ஐயா?"

அவர் லென்சைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கெட்டதுதாங்கம்மா. அவ்வளவு தள்ளித் தள்ளி ஒக்காந்திருந்த படத்தப் பெத்தவகிட்டக் காட்ட முடியுமா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் எடுக்க வேண்டிய படம் ஒன்றும் இல்லை. அக்காவும் நானும் ரயில் வரும் நேரம் பார்த்து, ஐயாவுக்கும் சேர்த்தே உலை வைத்தோம்.