இனாமாக வந்த இஞ்சின்

தேன்கனிக்கோட்டை
14-9-1957

சௌபாக்கியவதி முனிலட்சுமிக்கு அப்பா கோவிந்தப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. நான் இங்கே சௌக்கியம். பெங்களூரில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் திம்மராயனும் சௌக்கியமாக இருப்பதாக நானே நினைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் யுகாதிக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை.

நம் கிணற்றுக்கு வெளிதேசத்து சர்க்கார் இனாமாகக் கொடுத்த தண்ணீர் இஞ்சினைப் பற்றிப் போன வருஷமே எழுதியிருந்தேன். இஞ்சின்தான் வந்துவிட்டதே என்று கவலைச் சாலில் தண்ணீர் இறைக்கிற எருது இரண்டையும் சந்தையில் விற்றேன், பத்தாம் நாள் பெல்ட் அறுந்தது, ஓசூரில் கேட்டேன், பெங்களூரில் ஆள் விட்டுக் கேட்டேன், இதற்கு அளவான பெல்ட்டை அந்த தேசத்தில் மட்டுந்தான் செய்கிறார்களாம், கப்பலில் வர ஆறு மாதம், வந்ததை மாட்டினால் எண்ணெயும் அங்கிருந்துதான் வரவேண்டுமாம். அதற்குள் கிணற்றடி ராகி முழுவதும் கருகிப்போயிற்று. வருஷா வருஷம் அதைத் தின்ன வரும் யானைகள்கூட இந்த முறை எட்டிப்பார்க்கவில்லை.

போன வாரம் அந்த தேசத்து துரை ஒருவர் ஜீப்பில் வந்தார். பேச்சை மொழிபெயர்க்க நம் கிராம சேவக் கிருஷ்ணப்பனும் கூட வந்தான். இஞ்சினால் விளைந்த லாபத்தை அளக்க வந்திருக்கிறாராம். எத்தனை மூட்டை விளைந்தது என்று கேட்பார், அழுதுவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன், அவரோ பெல்ட் எத்தனை வாங்கினாய், எண்ணெய் எத்தனை டின், அடுத்த இஞ்சினும் எங்கள் தேசத்ததையே வாங்குவாயா என்று கேட்டு எழுதிக்கொண்டே போகிறார்.

"இன்னாப்பா இது, நம்ம லாபத்தக் கேக்கவே இல்லியே?" என்றேன்.

"அதுக்கு வேற ஆபீசருங்க மாமா. குடுத்ததுல அவுங்க ஊருக்கு எவ்ளோ லாபம்னு அளக்கறவரு இவரு. லாபம் இருந்தாத்தான் இன்னும் குடுக்க அங்க ஜனங்க ஒத்துக்குவாங்களாம்" என்றான்.

கொடுத்துவிட்டுப் பலனை அளக்கிற ஜனங்களை இப்போதுதான் பார்க்கிறேன். ஆனாலும் மனிதர் நல்லவர். அரை மணி நேர வேலைதான். நான் ஒவ்வொரு கேள்விக்கும் உன் அம்மா இருந்த காலத்திலிருந்து பதில் ஆரம்பித்துச் சாயங்காலம் வரை உட்கார வைத்துவிட்டேன். களி கிண்டி அவரைக்காய்க் குழம்பு ஊற்றினேன். அவர் களியை மென்றுகொண்டே இருந்தார். "மெல்லாதீங்க துரை, முழுங்கணும்" என்று கிருஷ்ணப்பன் சொல்லிக் கொடுத்தான். வீட்டில் எத்தனை பேர் என்பது கடைசிக் கேள்வி. ஒருத்தன் என்றேன். ஜீப் போனபிறகு வீடு ரொம்ப வெறிச்சென்று இருந்தது அம்மா.

போகட்டும். நாம் அப்படிப்பட்டவர்கள் இல்லை. உனக்குக் கொடுத்த எதற்கும் நான் பலன் பார்த்ததில்லை, பார்க்கவும் மாட்டேன். தசராவுக்கு வந்தே ஆகவேண்டும் என்றில்லை, பஸ்ஸில் கூட்டம் தாங்காது. எனக்கு இங்கே ஒரு குறையுமில்லை.

நீங்கள் மூவரும் நோய்நொடியின்றி வீடு நிறைய வாழவேண்டும்.

இப்படிக்கு
கோவிந்தப்பன்

பி.கு.: இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பக்கத்து வீட்டுக் கங்கப்பனிடம் உன் அம்மாவின் பித்தளைத் தூக்கில் நெய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வாழையிலை வைத்து வாயைக் கட்டியிருக்கிறேன். மூடி தொலைந்துவிடும் என்று இங்கேயே வைத்துக்கொண்டேன். அதற்கு அளவான மூடி பெங்களூரில் எங்கும் கிடைக்காது, விசாரித்துவிட்டேன். தூக்கைக் கங்கப்பனிடம் திருப்பிக் கொடுக்காதே, அவன் மறதிக்காரன், நீயேதான் எடுத்துவர வேண்டும். நம் வழக்கப்படி வெறும் தூக்காகவும் வரக்கூடாது. திம்மராயன் பிடித்துக்கொண்டு வந்தால் அது வெறும் தூக்கில்லை. மூடியைப் புளி போட்டு விளக்கி வைத்திருக்கிறேன்.